ஜெயிக்காத சின்னத்துக்கு ஒரு வாக்கு

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைச் சுமந்து வந்திருந்தன. ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எவர் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் ராதாபுரம் தொகுதியில் 2016-இல் வெறும் 49 வாக்குகளில் வெற்றி தோல்வி முடிவானது. அன்றிலிருந்து, "ஜெயிக்கிறவருக்குப் போடு, இல்லாவிட்டால் அவரைத் தோற்கடிக்கக் கூடியவருக்குப் போடு, சுயேச்சைக்குப் போட்டு ஓட்டைக் கிணற்றில் போடாதே" என்பது என் கணவரின் ஓயாத உபதேசமாகிவிட்டது. எங்கள் ஊர்க் குளத்தில் மண் அள்ளுவதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துவரும் ஒருவர் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொல்கிறார். ஜெயிக்க மாட்டோம் என்பது அவருக்கே தெரியும். அவருக்கு வாக்களித்தால் என் வாக்கு வீண்தானா?
— ஓர் ஆசிரியை, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: உங்கள் கணவரின் கணக்கைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்குகளில் வென்றார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. தபால் வாக்குகளையும் கடைசிச் சில சுற்றுகளையும் மீண்டும் எண்ணும்படி 2019-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும், எண்ணியதன் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்ததையும் உங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள். 2021-இல் சென்னை தியாகராய நகரில் தி.மு.க. வேட்பாளர் 137 வாக்குகளில் வென்றார். அங்கே மூன்றாம் இடத்துக்கும் அதற்குக் கீழேயும் விழுந்த வாக்குகள் அந்த 137-ஐப் போலப் பல மடங்கு. அவற்றை அளித்தவர்களில் இருநூறு பேர் இரண்டாமிடத்தில் வந்தவர் பக்கம் சாய்ந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆகவே, ஜெயிக்காதவருக்கு அளிக்கும் வாக்குக்கு ஒரு விலை உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஊக்கம் சொல்வது நியாயமாகாது.

ஆனால் அந்த விலை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. முன்னணியில் இருக்கும் இருவரில் எவர் வந்தாலும் உங்கள் குளத்துக்கு ஒரே கதிதான் என்று நீங்கள் உண்மையிலேயே நினைத்தால், அவர்களில் ஒருவருக்கு வாக்களிக்காததால் நீங்கள் இழப்பது எதுவுமில்லை. இருவரில் ஒருவர் வந்துவிடக் கூடாது என்ற அச்சம் உங்களுக்கு இருக்குமானால், அதுவும் போட்டி நெருக்கமான தொகுதியில் இருக்குமானால், கணவர் சொல்வதைக் கேட்பதே நல்லது. இந்த ஒன்றை நீங்கள் மட்டுமே முடிவு செய்ய முடியும். வாக்கு வீணாகிவிடும் என்று உங்களுக்கு மிகுந்த அக்கறையோடு எடுத்துச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்த இருவரில் ஒருவரின் ஆட்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (உங்கள் கணவரை நான் சொல்லவில்லை.)

இனி, அந்த வாக்கு எங்கே போகிறது என்று பார்ப்போம். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் 'படிவம் 20' என்ற முடிவுத் தாள் தயாராகிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை வாக்குகள் விழுந்தன என்பது அதில் வரிசை வரிசையாக இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் எவரும் அதைப் பார்க்கலாம். நமக்குத் தேர்தல் முடிவு நாளோடு சலித்துப்போகிறது. கட்சிக்காரர்களுக்கோ படிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு பெரிய கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் ஒருவர், அந்தத் தாளை அச்செடுத்துத் தேநீர்க் கடைப் பெஞ்சில் விரித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் வட்டம் போட்டது தம் கட்சி வாங்கிய எண்களுக்கு அன்று. ஒரு சாவடியில் ஒரு சுயேச்சைக்கு விழுந்திருந்த 62 வாக்குகளுக்கு. "இந்தத் தெருவில் தண்ணீர்த் தொட்டி கேட்டார்கள், நாம்தான் இழுத்தடித்தோம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தோற்ற வேட்பாளரின் பெயர்கூட அவருக்கு நினைவில் இல்லை. தொட்டி நினைவில் இருந்தது.

கட்சியாக நிற்பவர்களுக்கு இந்த எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் சேர்கின்றன. விஜயகாந்தின் தே.மு.தி.க. 2006-இல் தனித்து நின்று விருத்தாசலம் ஒன்றில்தான் வென்றது; ஆனால் மாநிலம் முழுவதும் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தது. அந்த எட்டு சதவீதத்தைப் பார்த்துத்தான் 2011-இல் அ.தி.மு.க. அதனோடு கூட்டுச் சேர்ந்தது. 29 இடங்களோடு அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். நாம் தமிழர் கட்சி 2016-இல் தனித்து நின்று ஏறக்குறைய 1 சதவீதம் பெற்றது, 2021-இல் 6.58 சதவீதம், 2024 மக்களவைத் தேர்தலில் 8 சதவீதத்தைத் தாண்டியது. இந்த மூன்று தேர்தல்களிலும் அது ஓர் இடத்தில்கூட வெல்லவில்லை. ஆயினும், செல்லத்தக்க வாக்குகளில் 8 சதவீதம் பெற்றால் மாநிலக் கட்சி என்ற விதியின்படி அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. அங்கீகாரம் என்பது வெறும் பெருமை அன்று. நிலையான சின்னம், வேட்புமனுவுக்குப் பத்துப் பேருக்குப் பதில் ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும் என்ற சலுகை, வானொலியிலும் தூர்தர்ஷனிலும் பிரசார நேரம் ஆகியவை அதனோடு வரும். அந்தக் கட்சியின் கொள்கை எனக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். 'வீணான' வாக்குகள் சேர்ந்து என்னவாகும் என்பதற்கு நம் கண் முன்னே நடந்த உதாரணம் அது.

உங்கள் குளத்துக்காரருக்கு இந்த வசதி இல்லை. சுயேச்சையின் சின்னம் தேர்தல் முடிந்ததும் பொதுப் பட்டியலுக்கே திரும்பிவிடும். அடுத்த முறை அது வேறு யாருக்கோ போகும். ஆகவே அவர் தேர்தலுக்கு மறுநாளும் மனுவோடு கலெக்டர் அலுவலகம் போகிறவரா என்பதுதான் நான் பார்க்கும் விஷயம். ஆண்டுக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் இருவரில் எவரைப் பற்றியும் உங்களுக்குப் பெரிய அச்சம் இல்லையென்றால், தயங்காமல் அவருக்கு வாக்களியுங்கள். கூடவே, அவர் முதலில் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சில நூறு வாக்காளர்கள் மட்டுமே உள்ள வார்டில் அவர் ஜெயிக்காதவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: தோற்கப்போகிறவருக்குப் போடுவதைவிட நோட்டா மேலல்லவா? எதிர்ப்பைத் தெளிவாகக் காட்டிவிடலாமே.
— ஒரு கல்லூரி மாணவர், சேலம்

பதில்: நோட்டா, 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் வந்தது. யாரையும் பிடிக்கவில்லை என்பதை ரகசியமாகச் சொல்லும் உரிமை என்ற அளவில் அதை மதிக்கிறேன். ஆனால் எல்லா வேட்பாளர்களையும்விட நோட்டாவுக்கு அதிக வாக்கு விழுந்தாலும், அதற்கு அடுத்தபடியாக வாங்கியவரே சட்டமன்றத்துக்குப் போவார். டெபாசிட் கணக்கிலும் நோட்டா செல்லத்தக்க வாக்காகச் சேராது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நோட்டா 2,373 வாக்குகள் பெற்று பா.ஜ.க.வின் 1,417-ஐ முந்தியது. இரண்டு நாள் சிரித்தோம், அவ்வளவுதான். அந்த 2,373 பேருக்கும் வேண்டியது என்ன என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. வேட்பாளர் ஒருவருக்கு விழும் வாக்கில் குறைந்தபட்சம் ஒரு முகவரி இருக்கிறது. பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் படித்துப் பார்த்த பிறகும் ஒருவர்கூடத் தேறவில்லை என்றால் நோட்டாவை அழுத்துங்கள். பெரும்பாலோர் முதல் நான்கு பெயர்களுக்குக் கீழே படிப்பதே இல்லை.

கேள்வி: 1996-இல் எங்கள் மொடக்குறிச்சியில் ஆயிரம் பேர் நின்றார்களே, அதனால் என்ன பயன்? டெபாசிட் பறிபோனதுதானே மிச்சம்?
— ஒரு விவசாயி, ஈரோடு மாவட்டம்

பதில்: நின்றவர்கள் 1,033 பேர். தங்கள் கோரிக்கைகளை எவரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ய, வாக்குச்சீட்டைப் புத்தகம்போல அச்சடிக்க வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். பலருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதாவது அவர்களே தங்களுக்கு வாக்களித்துக்கொள்ளவில்லை. நாடு முழுவதும் உங்கள் ஊர்ப் பெயர் தெரிந்தது என்பது உண்மை. ஆனால் தில்லி அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் அதே ஆண்டில் 5,000 ஆயிற்று. பின்னர் 10,000 ஆயிற்று. அங்கீகாரம் பெற்ற கட்சிகளைச் சேராதவர்களுக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். ஆயிரம் பேர் நிற்பதற்குப் பதில் ஒருவர் நின்று, மற்ற ஆயிரம் பேரும் குடும்பத்தோடு அவருக்கு வாக்களித்திருந்தால், அந்த எண்ணை எந்தக் கட்சியாலும் வட்டம் போடாமல் விட்டிருக்க முடியாது.

டெபாசிட்டைப் பற்றி ஒரு வரி: அது திரும்பக் கிடைக்க, செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 1,80,000 வாக்குகள் பதிவான தொகுதியில் 30,000-ஐத் தாண்ட வேண்டும். அது போவதில் அவமானம் எதுவும் இல்லை, 2017-இல் ஆர்.கே. நகரில் தி.மு.க.வே அதை இழந்தது.

கேள்வி: 2024 ஜனாதிபதித் தேர்தலில் நான் சங்குச் சின்னத்துக்கு வாக்களித்தேன். தமிழ்ப் பொது வேட்பாளர் ஜனாதிபதியாக வரமாட்டார் என்று தெரிந்துதான் வாக்களித்தேன். "சஜித்துக்கோ அநுரவுக்கோ போட்டிருந்தால் பேரம் பேசியிருக்கலாம்" என்று கொழும்பில் இருக்கும் மைத்துனர் இன்னும் ஏசுகிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இருவரும் ஒரு வசதியை மறந்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். உங்கள் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில், இந்தியாவைப்போல ஒருவருக்கு மட்டும் வாக்களித்துவிட்டு வீடு திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவருக்கு 1 என்று இட்டு, இரண்டாவது, மூன்றாவது விருப்பங்களையும் இலக்கத்தால் குறிக்கலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, அவர்களுடைய வாக்குச்சீட்டுகளில் உள்ள விருப்பு வாக்குகள் அந்த இருவருக்கும் சேர்க்கப்படும். சங்குக்கு 1, நீங்கள் சகித்துக்கொள்ளக்கூடிய மற்றொருவருக்கு 2 என்று இட்டிருந்தால், உங்கள் கோரிக்கையும் பதிவாகியிருக்கும், மைத்துனரின் பேரமும் நடந்திருக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்ல முடியாது. அந்தத் தேர்தலில்தான் இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடந்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 56,34,915, சஜித் பிரேமதாச 43,63,035. மற்றவர்கள் அனைவருக்கும் விழுந்திருந்த ஏறக்குறைய 33 இலட்சம் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்ததில், இந்த இருவருக்கும் வந்து சேர்ந்த விருப்பு வாக்குகள் சுமார் 2,73,000 மட்டுமே, நூற்றுக்கு எட்டு. மீதிச் சீட்டுகள் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டன. ஜெயிக்காதவருக்கு வாக்களிப்பதற்கு ஏறக்குறைய விலையே இல்லாத முறை ஒன்று கையில் இருக்க, அதைப் பயன்படுத்தியவர்கள் அவ்வளவுதான் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கட்சிகளும் இதைச் சொல்லித்தரவில்லை. எமக்கு மட்டும் போடு என்பதே எல்லா மேடைகளிலும் ஒலித்தது.

சங்குக்கு விழுந்த 2,26,343 வாக்குகள் நாடளாவிய கணக்கில் 1.7 சதவீதம்; யாழ்ப்பாண மாவட்டத்தில் இரண்டாமிடம். அது ஒரு செய்திதான். ஆனால் அந்தச் செய்தியை ஏந்திச் செல்ல ஒற்றுமையான ஓர் அணி அதன் பின் இல்லை. இரண்டே மாதத்தில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொண்டது. அதே சக்தியின் தலைவரான அநுர 2019 ஜனாதிபதித் தேர்தலில் 3.16 சதவீதம் பெற்றவர் என்பதையும், அந்த 3.16-க்கு வாக்களித்தவர்களை அன்று எத்தனை மைத்துனர்கள் ஏசியிருப்பார்கள் என்பதையும் நீங்கள் அவருக்கு நினைவூட்டலாம்.

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களிக்கப் போகிறேன். இரு கட்சி வேட்பாளர்களையும் பிடிக்கவில்லை. வாக்குச்சீட்டில் வெற்றிடம் விட்டிருப்பார்கள், விரும்பிய பெயரை எழுதலாம் என்கிறார்களே, எழுதலாமா?
— ஒரு வாசகி, டல்லாஸ், டெக்சாஸ்

பதில்: எழுதலாம், எண்ண மாட்டார்கள். 'ரைட்-இன்' எனப்படும் அந்த முறை நாம் நினைப்பதுபோல் கட்டற்றது அன்று. உங்கள் டெக்சாஸில், எழுதப்படுவதற்குத் தாம் தயார் என்று முன்கூட்டியே முறைப்படி அறிவித்தவரின் பெயரை எழுதினால்தான் அது வாக்கு. உங்கள் பெரியப்பாவின் பெயரை எழுதினால் அது வெறும் கையெழுத்துப் பயிற்சி. ஹவாயில் எழுதவே இடமில்லை. அந்தத் தடை செல்லும் என்று 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே முதலில் உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகம் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள்.

இந்த வழியில் பெரிய பதவிக்கு வென்றவர்களும் உண்டு. 2010-இல் அலாஸ்காவில், சொந்தக் கட்சியின் உட்தேர்தலில் தோற்ற செனட்டர் லிசா முர்கோவ்ஸ்கி, தம் பெயரை மக்கள் பிழையின்றி எழுத வேண்டும் என்பதற்காக அதை அச்சிட்ட கைப்பட்டைகளை வழங்கிப் பிரசாரம் செய்து வென்றார். எழுத்துப்பிழை என்று எதிரணி ஆட்சேபித்த சீட்டுகளை ஒதுக்கிவிட்டு எண்ணிய போதும் அவரே முன்னணியில் இருந்தார். ஆனால் அவர் பதவியில் இருந்த செனட்டர். பணமும் பெயரும் இருந்தன. செனட்டுக்கு அவ்வாறு ஒருவர் வென்றது 1954-க்குப் பிறகு அதுவே முதல்முறை. (நம்மவர் ஒருவர் வெங்கடசுப்பிரமணியன் என்ற பெயரோடு இதில் இறங்கினால் கைப்பட்டை போதாது, அரைஞாண் வேண்டும்.)

ஜனாதிபதி தேர்தலில் உங்கள் வாக்கின் விலை மாநிலத்தைப் பொறுத்தது. 2000-இல் ஃபுளோரிடாவில் புஷ் 537 வாக்குகளில் வென்றபோது, மூன்றாமவரான ரால்ஃப் நேடருக்கு அங்கே 97,488 வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றை அளித்தவர்களில் எத்தனை பேர் பிறகு தூக்கமில்லாமல் இருந்தார்களோ. டெக்சாஸ் 1980 முதல் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் குடியரசுக் கட்சியின் பக்கமே நின்றிருக்கிறது. ஆகவே அங்கே சீட்டில் அச்சாகியிருக்கும் சிறு கட்சி ஒன்றுக்கு வாக்களிப்பதால் நீங்கள் இழப்பது குறைவு. அதே சீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நகர மன்றம், பள்ளி வாரியப் பதவிகளை மட்டும் வெறுமனே விட்டுவிடாதீர்கள். அவற்றில் வாக்களிப்பவர்கள் குறைவு. நூறு பேர் சேர்ந்தால் அங்கே முடிவு மாறும்.

கேள்வி: எல்லோருக்கும் யோசனை சொல்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது ஜெயிக்காதவருக்கு வாக்களித்ததுண்டா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஒருமுறை. அரசு மருத்துவமனைக்கு இரவுநேர டாக்டர் வேண்டும் என்று பத்தாண்டுகளாகத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவருக்கு. வாக்கு எண்ணும் மண்டபத்தில் அவருக்காக உட்கார முகவர் யாரும் இல்லை. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவரே ஒரு பள்ளிக்கூட நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு மேசையிலும் இயந்திரத்தின் முத்திரையைக் கிழித்து முடிவுப் பொத்தானை அழுத்தியதும், வேட்பாளர் வரிசை எண்ணும் வாக்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். பெரிய கட்சிகளின் எண்கள் வந்ததுமே முகவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். பதினோராவது எண்ணுக்காக அவர் ஒருவர்தான் காத்திருந்தார் என்று, அங்கே பணியில் இருந்த என் நண்பர் பின்னர் சொன்னார்.

சில வாரங்கள் கழித்துப் படிவம் 20-இல் எங்கள் சாவடியைத் தேடிப் பார்த்தேன். அவருக்கு அங்கே ஏழு வாக்குகள். ஒன்று என்னுடையது. என் மனைவி தாம் யாருக்கு வாக்களித்தார் என்பதை முப்பது ஆண்டுகளாக என்னிடம் சொன்னதில்லை. மீதி யார் யார் என்று தெரியவில்லை. அடுத்த தெருவில் மாவு மில் வைத்திருப்பவர்மேல் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அரைக்கப் போகும்போதெல்லாம் மருத்துவமனைப் பேச்சை எடுத்துப் பார்க்கிறேன், மனிதர் பிடிகொடுக்க மாட்டேனென்கிறார்.